எக்ஸ்பியிலும் பென்டியம் 3-இலும் த்ரெட் லாக்: ஒரு நூற்பாலை நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் வழியில் உள்ள நடுத்தர நூற்பாலை. ரிங் ஃபிரேம்கள், அதாவது நூல் நூற்கும் மெஷின்கள், பெரும்பாலும் பழையவை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். முன் உருளை எத்தனை சுற்று சுற்றியது, ஃபிரேம் எப்போது நின்றது, எப்போது டாஃப் எடுத்தார்கள் (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றினார்கள்) என்பதையெல்லாம் அது எண்ணிக்கொண்டிருக்கும். ஷெட்டில் உள்ள கணினி ஆர்எஸ்-485 என்ற சீரியல் கம்பி வழியாக இந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஷிப்ட்வாரியாக உற்பத்தியையும் நின்ற நேரத்தையும் கணக்குப் போடும். காலையில் ஸ்பின்னிங் மாஸ்டர் மேசைக்குப் போகும் தாள் அதிலிருந்து வருவதுதான். எந்த சைடர் (ஃபிரேமைக் கவனிக்கும் தொழிலாளி) பார்த்த ஃபிரேம் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அதே தாளில் இருப்பதால், கணக்கில் தப்பு வந்தால் ஷெட்டில் உள்ள ஆளுக்குத்தான் முதலில் கேள்வி வரும்.

ஷெட்டில் இருந்தவை இரண்டு கணினிகள். ஒன்று, ஐஎஸ்ஏ என்ற பழைய காலத்து கார்டு ஸ்லாட் உள்ள போர்டில் பென்டியம் 3 செயலி. பல போர்ட்டுகள் கொண்ட சீரியல் கார்டு அதில்தான் செருகப்பட்டிருந்தது. மற்றொன்று ஃபேன் இல்லாத சின்னப் பெட்டி. அதில் ஏஎம்டியின் ஜியோட் எல்எக்ஸ் செயலி, 500 மெகாஹெர்ட்ஸ். பஞ்சுத் தூசியில் ஃபேன் வைத்த கணினி அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது என்பதற்காக அதை வாங்கியிருந்தார்கள். இரண்டிலும் விண்டோஸ் எக்ஸ்பி. ஆபீசில் இருந்தவை விண்டோஸ் 10 கணினிகள்.

மென்பொருளைப் பார்த்துக்கொள்வது கோவையில் உள்ள ஒரு சிறு நிறுவனம். அந்த நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள், அதாவது த்ரெட்டுகள், பல உண்டு. ஒரே தகவலை இரண்டு த்ரெட் ஒன்றாகத் தொடாமல் காப்பது லாக். நூல் வாங்குபவர்கள் எந்த லாட் எந்த ஃபிரேமில் ஓடியது என்று கேட்க ஆரம்பித்ததால், மில் புது அறிக்கை கேட்டது. அதற்காக நிறுவனம் பழைய நிரலை விஷுவல் ஸ்டுடியோ 2017-க்கு மாற்றியது. அதில் எக்ஸ்பிக்கென்றே ஒரு டூல்செட் (நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் தொகுப்பியும் கூட வரும் கருவிகளும்) உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பியில் ஓடிவிடும் என்பது எதிர்பார்ப்பு. இதை எழுதுபவர் கதைக்குள் வந்தது நடுவில், கணினி நின்று நின்று ஓடத் தொடங்கிய பிறகு. அதற்கு முந்தையவை நிறுவனத்தின் குறிப்புகளிலிருந்தும் மில்லில் கேட்டறிந்ததிலிருந்தும் எழுதப்பட்டவை.

கணினியை ஏன் மாற்றவில்லை

இதைக் கேட்காமல் மேலே போக முடியாது. மில் நிர்வாகத்தின் பதில் நேரடியானது: "மெஷினையே மாத்தப் போறோமுங்க. அதுக்குள்ள இந்தப் பெட்டிக்குப் புதுசா எதுக்குங்க செலவு?" பழைய ஃபிரேம்கள் போகும்போது பெட்டிகளும் ஐஎஸ்ஏ கார்டும் சேர்ந்தே போய்விடும். கார்டுக்கு எக்ஸ்பி வரைக்கும்தான் டிரைவர் கிடைக்கிறது. புதிய போர்டில் ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் கிடையாது. கார்டை மாற்றினால் கம்பி, பெட்டி, மென்பொருளில் பேசும் முறை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். என் பார்வையில் நிர்வாகம் சொன்னது சரியே. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும்.

முதல் தடை: விண்டோஸில் இல்லாத ஃபங்ஷன்

புதிய நிரலை பென்டியம் 3-இல் போட்டதும் திறக்கவே இல்லை. எஸ்ஆர்டபிள்யூ என்ற புதிய வகை லாக்கைப் பிடிக்கும் ஃபங்ஷன், விண்டோஸின் அடிப்படை நூலகமான கெர்னல்32-இல் இல்லை என்று ஒரு பெட்டிச் செய்தி வந்து நின்றது. எஸ்ஆர்டபிள்யூ லாக், காத்திருக்கும் த்ரெட்டை எழுப்பும் கண்டிஷன் வேரியபிள், ஒரே ஒரு முறை மட்டும் தொடங்கிவைக்கும் இனிட்-ஒன்ஸ் ஆகிய மூன்றும் விண்டோஸ் விஸ்டாவில்தான் வந்தன. எக்ஸ்பியில் கிடையாது.

எக்ஸ்பி டூல்செட்டில் தொகுத்தும் இது ஏன் பிடிபடவில்லை? அந்த டூல்செட்டோடு வருவது விண்டோஸ் 7 காலத்து எஸ்டிகே, அதாவது விண்டோஸ் ஃபங்ஷன்களை நிரலுக்கு அறிமுகப்படுத்தும் கோப்புகள். எந்த விண்டோஸுக்காக எழுதுகிறோம் என்பதை ஒரு மேக்ரோ வழியாகச் சொன்னால்தான், அதற்குப் பிந்தைய ஃபங்ஷன்களை அது மறைக்கும். நிறுவனத்தின் எல்லா நிரல்களும் பகிரும் பொது ஹெடர் கோப்பில் அந்த மேக்ரோ, ஆபீஸ் நிரலுக்காக விஸ்டா என்று எழுதப்பட்டிருந்தது. அதனால் தொகுப்பி ஒன்றும் சொல்லவில்லை, லிங்க்கரும் சொல்லவில்லை. சொன்னது பல்லடத்தில் இருந்த கணினிதான். ஹெடரை எக்ஸ்பிக்கு மாற்றியதும் பிழைச் செய்திகள் வரிசையாக வந்தன. எந்தெந்த இடத்தில் புதிய லாக் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே பட்டியலும் ஆயிற்று.

அந்த இடங்களில் நிறுவனம் தானே எழுதிய ஒரு சின்ன ஸ்பின் லாக்கைப் போட்டது. ஒரு எண்ணை, இடையில் வேறு த்ரெட் புக முடியாத இன்டர்லாக்ட் முறையில் மாற்றிப் பார்க்கும். கிடைக்காவிட்டால், செயலியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் ஸ்லீப்(0) சொல்லிவிட்டு மறுபடி முயலும். பத்து வரிதான். இந்தப் பத்து வரி கீழே மறுபடி வரும்.

இரண்டாவது தடை: செயலியில் இல்லாத கட்டளை

இப்போது நிரல் திறந்தது, உடனே விழுந்தது. காரணம் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது செயலிக்குத் தெரியாத கட்டளை. விஷுவல் ஸ்டுடியோ 2012-இலிருந்து 32 பிட் நிரல்களுக்கு எஸ்எஸ்இ2 என்ற தொகுதியைச் சேர்ந்த செயலிக் கட்டளைகள் இயல்பாகவே சேர்க்கப்படுகின்றன. எஸ்எஸ்இ2 வந்தது 2000-இல், பென்டியம் 4-உடன். பென்டியம் 3-இல் எஸ்எஸ்இ மட்டும் உண்டு. ஜியோட் எல்எக்ஸில் அதுவும் இல்லை, எம்எம்எக்ஸும் 3டிநவ்வும்தான். ஜியோட், பென்டியம் 3-க்குப் பல வருடம் கழித்து வந்த செயலி. செயலி விற்பனைக்கு வந்த ஆண்டை வைத்து அதில் என்ன கட்டளை இருக்கும் என்று கணக்குப் போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஐஏ32 என்ற சுவிட்சைப் போட்டதும் தொகுப்பி தானாகச் சேர்க்கும் எஸ்எஸ்இ2 போய்விட்டது. கையால் எழுதியது தங்கிவிட்டது. சீரியல் த்ரெட்டுக்கும் பதிவு எழுதும் த்ரெட்டுக்கும் நடுவே இருந்த வரிசையில், நினைவக வரிசைமுறையைக் காக்க எம்ஃபென்ஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தார்கள். எம்ஃபென்ஸ் எஸ்எஸ்இ2-ஐச் சேர்ந்தது. அதே காரியத்தை நினைவகத்தோடு செய்யும் எக்ஸ்சேஞ்ச் கட்டளை செய்துவிடும். லாக் என்று தனியாகச் சொல்லாமலேயே செயலி அதைப் பூட்டித்தான் செய்யும். விண்டோஸின் மெமரி-பேரியர் மேக்ரோ 32 பிட்டில் அந்த வழியில்தான் போகிறது. அதைப் போட்டார்கள்.

இதற்கிடையே சந்தேகம் வீணாக, சுற்றிக் காத்திருக்கும்போது போடும் பாஸ் கட்டளை மேல் போய், ஒரு நாள் மாலை அதிலேயே கழிந்தது. பாஸும் பென்டியம் 4-உடன் வந்ததுதான். ஆனால் அதன் பைட்டுகளைப் பழைய செயலி படித்தால் 'ஒன்றும் செய்யாதே' என்றுதான் எடுத்துக்கொள்ளும். இன்டெல் அதை அப்படியே அமைத்திருக்கிறது. லாக்குகளுக்கு உதவும் ஒப்பீட்டு மாற்றத்துக்கான கட்டளைகளிலும் சிக்கல் இல்லை. 32 பிட்டுக்கானது 486-இலிருந்தும், 64 பிட்டுக்கானது பென்டியத்திலிருந்தும் இருக்கிறது.

தொகுப்பி போட்ட லாக்

பென்டியம் 3-இல் இன்னும் ஒரு இடத்தில் விழுந்தது. இது நிரலில் தேடினாலும் கண்ணில் படாதது. ஃபிரேம் தயாரிப்பாளருக்கு ஒன்றாக ஒரு டிஎல்எல் (தனியாக ஏற்றப்படும் நிரல் கோப்பு) இருந்தது. நிரல் ஓடும்போது தேவையானதை லோட்-லைப்ரரி வழியாக ஏற்றும். அந்த டிஎல்எல்லுக்குள் ஒரு ஃபங்ஷனில், ஒரு முறை தொடங்கினால் நிலைத்திருக்கும் ஸ்டாடிக் மாறி. இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்தாலும் அது ஒரு முறைதான் தொடங்கப்பட வேண்டும் என்று சி++ மொழியின் சி++11 தரம் சொல்வதால், விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் தொகுப்பியே அங்கே ஒரு காவல் போடுகிறது. அந்தக் காவலுக்கு த்ரெட்டுக்கென்று தனியான நினைவகம் வேண்டும். விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸில், லோட்-லைப்ரரி வழியாக வந்த டிஎல்எல்லுக்கு அந்த நினைவகம் ஒழுங்காக அமைவதில்லை. அதனால் தவறான முகவரியைத் தொட்டு விழுந்தது.

அந்தக் காவலை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது. நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். ஆகவே சுவிட்சைப் போட்டதோடு நிற்காமல், ஸ்டாடிக் மாறிகளையெல்லாம் வெளியே எடுத்து, த்ரெட்டுகள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவைக்கும் ஒரு ஃபங்ஷனை டிஎல்எல்லில் சேர்த்தார்கள். நல்ல முடிவு, பழைய கணினியே இல்லாவிட்டாலும் இதைச் செய்திருக்கலாம்.

ஓடியது, ஆனால் நின்று நின்று

சரி, இனி ஓடும் என்று விட்டுவிட்டு வந்தார்கள். சில நாளில் மில்லிலிருந்து போன். நின்ற நேரம் கூடுதலாக வருகிறது, சைடர்கள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அந்த நேரத்தில் ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்ததை சூப்பர்வைசரே பார்த்திருக்கிறார்.

ஆபீசில் பல கோர் கணினியில் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் வரவில்லை. எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியில், போட்டும் ஓட்டினார்கள், வரவில்லை. சீரியல் கம்பியில் இரைச்சல், எர்த்திங் சரியில்லை என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். ஷெட்டுக்குள் எது நின்றாலும் எர்த்திங் மேல் பழி போடுவது நம் பக்கம் வழக்கம்தான்.

திசை திருப்பியது மில்லின் எலெக்ட்ரீஷியன் சொன்ன ஒரு வாக்கியம். அவர் இரவு ஷிப்டில் திரை முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "ஏனுங் சார், நிக்கறது எப்பவும் ஒரே அளவுதானுங்க. மூலையில கடியாரம் நிக்கும், நாலு எண்ணுனா மறுபடி ஓடும். கம்பில கோளாறுன்னா இப்படி அளந்து நிக்குமாங்க?" டாஃப் எடுக்கும் நேரத்திலும், கரண்ட் போய் வந்து எல்லா ஃபிரேமும் ஒன்றாகக் கிளம்பும்போதும்தான் இது வருகிறது என்றும் சொன்னார்.

இரைச்சலாக இருந்தால் ஒரு தடவை அரை விநாடி, ஒரு தடவை பத்து விநாடி என்று வரும். நான்கு விநாடி என்று அளந்து நிற்கிறது என்றால் யாரோ நான்கு விநாடிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் அப்படி ஒன்று இருக்கிறது. ஓடத் தயாராக இருந்தும் செயலி கிடைக்காமல் சுமார் மூன்று, நான்கு விநாடி பட்டினி கிடக்கும் த்ரெட்டைக் கண்டுபிடித்து, அதன் முன்னுரிமையைச் சிறிது நேரத்துக்கு 15-ஆக உயர்த்துவது அதன் வேலைகளில் ஒன்று. ஆக, இங்கே ஒரு த்ரெட் பட்டினி கிடக்கிறது.

எது என்பது நிரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சீரியல் த்ரெட்டுக்கு டைம்-கிரிட்டிகல் முன்னுரிமை, அதாவது 15. ஆர்எஸ்-485 கம்பியில் அனுப்பி முடித்ததும், அனுப்புவதிலிருந்து கேட்பதற்கு மாற்றும் ஆர்டிஎஸ் சிக்னலைச் சட்டென்று திருப்பிவிட வேண்டும். தாமதித்தால் பெட்டியின் பதில் மோதிவிடும். அதற்காகப் பழைய காலத்திலிருந்தே அப்படி வைத்திருந்தார்கள். பதிவு எழுதும் த்ரெட் சாதாரண முன்னுரிமை. டாஃப் நேரத்தில் நிகழ்வுகள் குவியும்போது, அது லாக்கைப் பிடித்துக்கொண்டே கோப்பில் எழுதும். அப்போது சீரியல் த்ரெட் வந்து அதே லாக்கைக் கேட்கும், கிடைக்காது, ஸ்லீப்(0) சொல்லும். எக்ஸ்பியில் ஸ்லீப்(0) சமமான முன்னுரிமை உள்ள த்ரெட்டுக்குத்தான் இடம் கொடுக்கும். கீழே இருக்கும் த்ரெட்டுக்குக் கொடுக்காது. விண்டோஸ் சர்வர் 2003-இலிருந்துதான் இது மாறியது. செயலி ஒன்றே ஒன்று. அதைச் சீரியல் த்ரெட் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. லாக்கை வைத்திருப்பவருக்கோ அதை விடுவதற்குக்கூட முறை வரவில்லை. நான்கு விநாடி கழித்து விண்டோஸ் அவரையும் 15-க்குத் தூக்கிவிட்டதும் எழுதி முடித்து லாக்கை விடுகிறார்.

நின்ற நேரம் ஏன் கூடியது என்பதும் இதோடு விளங்கியது. பெட்டியிடமிருந்து இரண்டு விநாடிக்குள் பதில் வராவிட்டால் ஃபிரேம் நின்றதாக வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில்தான் மறுபடி கேட்கும். அந்தச் சுற்று முழுவதும் சைடர் தலையில் விழுந்தது.

ஆபீசில் வராததற்குக் காரணம், இன்னொரு கோரில் பதிவு த்ரெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததுதான். விர்ச்சுவல் மெஷினுக்கும் இரண்டு கோர் கொடுத்திருந்தார்கள். போதாததற்கு அடியில் இருந்த செயலி புதியது, எஸ்எஸ்இ2 உள்ளது. ஆக அந்தச் சோதனையில் எக்ஸ்பி என்ற பெயர் மட்டும்தான் பழையது.

எடுத்த முடிவும் காரணமும்

ஸ்லீப்(0)-ஐ ஸ்லீப்(1) ஆக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றியது. அது பட்டினியைத் தீர்க்கும். ஆனால் ஸ்லீப்(1) என்றால் ஒரு மில்லிவிநாடி கிடையாது. கடிகாரத் துடிப்பைப் பொறுத்து பத்து, பதினைந்து மில்லிவிநாடி வரை போகும். சீரியல் த்ரெட்டை அப்படித் தூங்க விடுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. முன்னுரிமையைக் குறைத்தால் ஆர்டிஎஸ் தவறும்.

அடுத்த யோசனை, ஓடும்போதே பார்த்து எக்ஸ்பியில் கிரிட்டிகல் செக்ஷன் என்ற பழைய லாக், புதிய விண்டோஸில் எஸ்ஆர்டபிள்யூ என்று இரண்டு வழி வைப்பது. பல நிரல்கள் இப்படித்தான் செய்கின்றன. கெர்னல்32-இல் ஃபங்ஷன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லாவிட்டால் பழையதற்குப் போகும். நிறுவனத்தின் இளைஞர்கள் இதையே விரும்பினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஆபீசில் தினமும் ஓடுவது புதிய வழி; பழைய வழி ஓடுவது பல்லடத்தில், ராத்திரி ஷிப்டில், பார்க்க ஆள் இல்லாத நேரத்தில். இரண்டு லாக்குகளின் குணமும் வேறு. கிரிட்டிகல் செக்ஷனை, பிடித்திருக்கும் த்ரெட்டே மறுபடி கேட்டால் கொடுத்துவிடும். எஸ்ஆர்டபிள்யூவில் அதையே செய்தால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு பக்கம் ஒழுங்காக ஓடுகிற நிரல் மறுபக்கம் தொங்குவதற்கு இது போதும்.

ஆகவே எல்லா விண்டோஸிலும் கிரிட்டிகல் செக்ஷன் மட்டும் என்று முடிவானது. லாக் கிடைக்காவிட்டால் த்ரெட் உண்மையாகவே தூங்கிவிடும், கீழே உள்ளவருக்குச் செயலி கிடைக்கும். சுழன்று பார்க்கும் எண்ணிக்கை ஒன்றைக் கொடுக்கலாம். ஒரே செயலி உள்ள கணினியில் விண்டோஸ் அதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும், பல கோர் கணினியில் பயன்படுத்திக்கொள்ளும். எஸ்ஆர்டபிள்யூவில் பலர் சேர்ந்து படிக்கும் வசதி போகிறதே என்று ஒரு ஆட்சேபம் வந்தது. ஒரு கோர் உள்ள கணினியில் சேர்ந்து படிப்பது என்று ஒன்று ஏது? ஆபீஸ் கணினியில் அந்த லாக்குக்குப் போட்டியே இல்லை.

லாக்கை மாற்றியதோடு விடவில்லை. கோப்பில் எழுதும்போது லாக்கைப் பிடித்திருப்பதுதான் அடிப்படைக் கோளாறு. பதிவு த்ரெட் இப்போது லாக்கைப் பிடித்து, குவிந்ததை மொத்தமாகத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு, லாக்கை விட்டபிறகுதான் டிஸ்க்கைத் தொடுகிறது. கண்டிஷன் வேரியபிளுக்குப் பதில், காத்திருக்கும் த்ரெட்டை எழுப்பிவிட்டுத் தானே அணையும் ஈவன்ட் ஒன்று. எடுக்கும் த்ரெட் ஒன்றுதான் என்பதால் இது போதும். யாரும் காத்திருக்காத நேரத்தில் ஈவன்ட் எழுப்பப்பட்டாலும் அது எரிந்துகொண்டே இருக்கும், எழுப்பல் தொலையாது. பல்ஸ்-ஈவன்ட் என்று ஒன்று உண்டு. நம்ப முடியாதது, பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாப்ட் ஆவணமே சொல்கிறது. பழைய நிரலில் ஓரிடத்தில் இருந்தது, எடுத்தாயிற்று.

ஷெட் நிரலில் இன்னும் ஒரு தொகுத்த நூலகம் எஸ்எஸ்இ2-உடன் இருந்தது. வெளியே தகவல் அனுப்பும்போது என்கிரிப்ட் செய்ய அது தேவைப்பட்டது. எக்ஸ்பியை இணையத்தோடு நேரே இணைப்பது எப்படியும் சரியில்லை. அதனால் ஷெட் கணினி மில்லுக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் ஆபீஸ் கணினியோடு மட்டும் பேசும்படி மாற்றினார்கள். வெளியே அனுப்புவது ஆபீஸ் கணினியின் வேலை. நூலகமும் ஷெட் நிரலை விட்டுப் போனது.

சோதனை

விர்ச்சுவல் மெஷினை ஒரே கோருக்குக் குறைத்ததும் நான்கு விநாடி நிற்பது ஆபீசிலேயே வந்தது. புதிய லாக்கைப் போட்டதும் போனது. கட்டளைப் பிரச்சினைக்கு இந்த வழி உதவாது என்பதால், கோவையில் பழைய கணினி விற்கும் கடையில் ஒரு பென்டியம் 3 போர்டு வாங்கி வைத்தார்கள்.

தொகுத்த கோப்பை டம்ப்பின் என்ற கருவியால் பிரித்து, எக்ஸ்பியின் கெர்னல்32-இல் இல்லாத ஃபங்ஷன் ஏதாவது கேட்கிறதா என்று ஒவ்வொரு தொகுப்பிலும் பார்க்கும்படி செய்தார்கள். இது சுலபம். எஸ்எஸ்இ2 கட்டளைகளைத் தேடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. தொகுப்பியோடு வரும் நூலகத்தில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்-காப்பி போன்றவற்றில் எஸ்எஸ்இ2 இருக்கும். செயலியைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகும் என்பதால் ஆபத்தில்லை. ஆனால் தேடலில் அவையும் வந்து விழும். கையால் பார்த்து, விட்டுவிடலாம் என்பவற்றுக்கு ஒரு பட்டியல் போட வேண்டியிருந்தது.

விளைவு

இரண்டு கணினிகளிலும் நிற்பது நின்றது. நின்ற நேரக் கணக்கு சூப்பர்வைசரின் நோட்டோடு ஒத்துப்போகிறது. தவறாக ஏறியிருந்த நேரத்தை மில் அந்த மாதக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டது. இதை எலெக்ட்ரீஷியன்தான் நிர்வாகத்திடம் விடாமல் கேட்டு வாங்கினார். ஆபீஸ் கணினிகளில் லாக் மாற்றத்தால் வேகம் குறைந்ததாக யாரும் உணரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

வேலை தொடங்கும் முன்பே ஷெட்டில் உள்ள கணினிகளின் விண்டோஸ், செயலி, கோர் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்குவது என்று நிறுவனம் வைத்துக்கொண்டுள்ளது. எக்ஸ்பி என்று மட்டும் எழுதியிருந்ததால்தான் ஜியோட் பெட்டியின் விவரம் கடைசியில் தெரிய வந்தது. எந்த விண்டோஸுக்கு என்று சொல்லும் மேக்ரோக்கள் பொது ஹெடரில் இருக்கக்கூடாது, ஒவ்வொரு நிரலும் தன்னுடையதைத் தானே சொல்ல வேண்டும். முன்னுரிமை உயர்த்தப்பட்ட த்ரெட் எதுவும் நாமே எழுதிய லாக்கைத் தொடக்கூடாது என்பது அவர்களின் நிரல் பரிசீலனையில் சேர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால், நாமே லாக் எழுதுவதையே தடை செய்திருப்பேன்.

முடிவுத் தேதி இல்லை என்பதுதான் பாக்கி. புது ஃபிரேம் வருவது நூல் விலையைப் பொறுத்துத் தள்ளிப்போகிறது. எது போனால் எதை எடுக்கலாம் என்று நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: பென்டியம் 3-உம் ஜியோட்டும் போனால் ஐஏ32 சுவிட்ச் போகும்; எக்ஸ்பி போனால் ஸ்டாடிக் காவலை நிறுத்தும் சுவிட்ச் போகும். கிரிட்டிகல் செக்ஷனை எடுப்பதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.